பழக்கடை ஈக்கு நான்கு இறக்கை: ‘எபிஜெனெடிக்ஸ்’ என்ற சொல்லைத் தந்த வாடிங்டன் யார்?

திண்டுக்கல் பழக்கடைகளில் சிறுமலை வாழைப்பழம் தார் தாராகத் தொங்கும். பழம் கனிந்து தோல் லேசாகக் கறுக்க ஆரம்பித்தால் போதும், எங்கிருந்தோ பொடி ஈக்கள் வந்து மொய்க்கும். கையை வீசினால் கலையும், கையை எடுத்தால் திரும்ப வந்து உட்காரும். கடைக்காரருக்கு அது தொல்லை. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த பழ ஈயை உலகம் முழுக்க ஆய்வகங்களில் கண்ணாடிக் குப்பியில் போட்டு, சாப்பாடு கொடுத்து, வம்சாவளி எழுதி வைத்து வளர்க்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. முட்டையிலிருந்து வளர்ந்த ஈ ஆக சுமார் 10 நாள் போதும். ஒரு வருடத்துக்குள் முப்பது தலைமுறையைப் பார்த்துவிடலாம். மனிதர்களில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் 700, 800 வருடம் காத்திருக்கணும்.

இந்த ஈயை வைத்து ஒருவர் கேட்ட கேள்வி, நம்ம வீட்டுத் திண்ணையிலேயே கேட்கப்படும் கேள்விதான். அப்பா, அம்மா வாழ்க்கையில் பட்டது பிள்ளையின் உடம்பில் இறங்குமா? பரம்பரையாக மூட்டை தூக்கியவரின் பேரன் பலசாலியாகவே பிறப்பானா? ‘முன்னோர் பட்ட பட்டினி உங்கள் மரபணுவில் பதிந்திருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் தவறாமல் வரும் சொல் ‘எபிஜெனெடிக்ஸ்’. அந்தச் சொல்லை இன்றைய உயிரியலுக்குக் கொண்டுவந்தவர்தான் கான்ராட் ஹால் வாடிங்டன். ஆனால் அவருடைய ஈக்கள் சொன்ன பதில், அந்த வீடியோக்கள் சொல்வது இல்லை.

அப்பா வயநாட்டில், பிள்ளை இங்கிலாந்தில்

வாடிங்டன் 1905 நவம்பர் 8 அன்று இங்கிலாந்தில் ஈவ்ஷாம் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தோட்டம் இருந்த இடம் வயநாடு. இன்று அது கேரளம். அன்று திண்டுக்கல்லைப் போலவே அதுவும் சென்னை மாகாணம்தான்.

குழந்தையாக இருந்த முதல் சில வருடங்கள் அந்த மலையில் கழிந்தன. நான்கு வயதையொட்டி அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் அது சாதாரண வழக்கம். அப்பாவும் அம்மாவும் 1928 வரை இந்தியாவிலேயே இருந்துவிட்டார்கள். அவர்கள் திரும்பியபோது மகன் கல்லூரியையே முடித்திருந்தார்.

பாட்டி, அத்தை, மாமா என்று உறவினர் வீட்டில் வளர்ந்த பையனுக்கு அறிவியலைச் சொல்லிக்கொடுத்தவர், தாத்தா முறையில் பழகிய ஒரு மருந்துக்கடைக்காரர். அங்கிருந்து கல் பொறுக்கும் பழக்கம் வந்தது. சும்மா கல் இல்லை, அம்மோனைட் என்ற சுருள் வடிவப் புதைபடிவங்கள். நம்ம அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் அம்மோனைட் கிடைக்கும். கேம்பிரிட்ஜில் சேர்ந்து படித்ததும் நிலவியல்தான். 1926இல் பட்டம் வாங்கியபோது அவரிடம் ஈயும் இல்லை, மரபணுவும் இல்லை. கல் மட்டும்தான்.

அம்மோனைட் ஆராய்ச்சியை அவர் பாதியில் விட்டுவிட்டார். கல்லான உயிர் எப்படி இருந்தது என்பதைவிட, உயிர் எப்படி உருவெடுக்கிறது என்ற கேள்வி அவரை இழுத்துக்கொண்டது.

கோழி முட்டையில் கிடைத்த ஏமாற்றம்

எல்லா உயிரும் ஒற்றைச் செல்லில் தொடங்குகிறது. அது இரண்டாகி, நான்காகி, ஆயிரமாகிறது. எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அப்படின்னா ஒரு செல் கண்ணாகவும் இன்னொன்று காலாகவும் மாறுவது எப்படி?

1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பெமானும் ஹில்டே மாங்கோல்டும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். நீர்ப்பல்லி போன்ற நியூட் என்ற உயிரின் கருவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து இன்னொரு கருவில் ஒட்டினால், அங்கே இரண்டாவது உடலே உருவாக ஆரம்பித்தது. அந்தத் துணுக்குக்கு ‘அமைப்பாளர்’ என்று பெயர் வைத்தார்கள். கேம்பிரிட்ஜின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தில் வாடிங்டன் இதையே கோழி, வாத்துக் கருக்களில் செய்து, பறவைகளிலும் அமைப்பாளர் உண்டு என்று 1930களின் தொடக்கத்தில் நிறுவினார்.

அடுத்த வேட்டை, அமைப்பாளர் அனுப்பும் ரசாயனம் எது என்பது. ஜோசப் நீடாம் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து தேடினார். முடிவு சிரிப்பை வரவழைக்கும். கொன்ற திசுவும் வேலை செய்தது. உயிருக்குச் சம்பந்தமே இல்லாத மெத்திலீன் நீலம் என்ற சாயமும் வேலை செய்தது! எதை வைத்தாலும் கரு பதில் சொல்கிறது என்றால், ரகசியம் வெளியிலிருந்து வரும் பொருளில் இல்லை. பதில் சொல்லத் தயாராக இருக்கும் செல்லுக்குள்தான் இருக்கணும். அந்தத் தயார்நிலையை உண்டாக்குவது மரபணுக்கள்.

மரபணுவைத் தேடிப் போனால் பழ ஈயிடம்தான் போகணும். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் கால்டெக்கில், தாமஸ் ஹன்ட் மார்கன் கட்டியெழுப்பிய ஈ ஆய்வகத்தில் வாடிங்டன் வேலை செய்தார். ஈயின் இறக்கை வளரும்போது எந்த மரபணு எந்தக் கட்டத்தில் குறுக்கிடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மில் சூப்பர்வைசர் மாதிரி ஒரு மரபணு

இங்கே ஈயின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தட்டான், பட்டாம்பூச்சிக்கெல்லாம் நான்கு இறக்கை. ஈக்கு இரண்டுதான். ஈயின் நெஞ்சுப் பகுதி மூன்று கணுக்களால் ஆனது. இரண்டாவது கணுவில் இறக்கை. மூன்றாவது கணுவில் இன்னொரு ஜோடி இறக்கைக்குப் பதிலாக, குண்டூசித் தலை மாதிரி இரண்டு சின்னக் குமிழ்கள். பெயர் ஹால்டியர். பறக்கும்போது உடம்பு சாயாமல் சமநிலையைச் சொல்வது இவைதான்.

1915இல் மார்கனின் சீடர் கால்வின் பிரிட்ஜஸ் ஒரு விசித்திர ஈயைக் கண்டார். ஹால்டியர் இருக்க வேண்டிய மூன்றாவது கணு, இறக்கை இருக்கும் இரண்டாவது கணுவைப் போல மாறத் தொடங்கியிருந்தது. இரட்டை நெஞ்சு என்ற பொருளில் ‘பைதொராக்ஸ்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் மரபணுவை இன்று ‘அல்ட்ராபைதொராக்ஸ்’ என்கிறார்கள்.

இது ஒழுங்குபடுத்தும் மரபணு. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். சூப்பர்வைசர் நூல் நூற்பதில்லை. எந்த மெஷின் ஓடணும், எது நிற்கணும் என்று சொல்வார். அல்ட்ராபைதொராக்ஸும் இறக்கையையோ குமிழையோ தானே கட்டுவதில்லை. அது உருவாக்கும் புரதம் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான மற்ற மரபணுக்களின் வேலையைக் கூட்டும், குறைக்கும். மூன்றாவது கணுவில் ‘இங்கே இறக்கை வேண்டாம்’ என்ற உத்தரவு இதனுடையது. உத்தரவு வராவிட்டால் அங்கேயும் இறக்கை முளைக்கும்.

மலை, பள்ளத்தாக்கு, உருண்டோடும் பந்து

இரண்டாம் உலகப் போர் வந்தது. வாடிங்டன் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடுவதற்கான கணக்குகளைப் போடும் அறிவியலாளரானார். போரின் கடைசிக் கட்டத்தில் அந்தப் பிரிவின் தலைமைத் தளபதிக்கே அறிவியல் ஆலோசகர். அதற்கிடையில் 1942இல் அவர் எழுதியவைதான் இன்றும் பேசப்படுகின்றன. மரபணுவிலிருந்து உடம்பு உருவாகும் வரை நடுவில் நடப்பதைப் படிக்கும் துறைக்கு ‘எபிஜெனெடிக்ஸ்’ என்று பெயரிட்டது அந்த ஆண்டுதான். கருவளர்ச்சி ஒரு கால்வாயில் ஓடுவது போன்றது என்று சொன்னதும் அப்போதுதான்.

அவர் வரைந்து காட்டிய படம் பின்னாளில் மிகவும் பிரபலமானது. மேலே மேடு. கீழே இறங்க இறங்கப் பிரிந்து பிரிந்து போகும் பள்ளத்தாக்குகள். உச்சியில் ஒரு பந்து. பந்துதான் செல். எந்தப் பள்ளத்தில் இறங்குகிறதோ அதுவாகவே ஆகும்.

திண்டுக்கல் சமவெளிக்காரர்களுக்கு அந்தப் படம் தேவையே இல்லை, குடகனாறு போதும். கீழ்ப் பழனி மலையில் பெய்யும் மழை ஆத்தூர்ப் பக்கம் இறங்கி, வாய்க்கால்களாகவும் ஆறாகவும் பிரிந்து வடக்கே ஓடுகிறது. கொஞ்சம் கூடப் பெய்தாலும் கொஞ்சம் குறைத்துப் பெய்தாலும் தண்ணீர் அதே பாதையில்தான் போகும். கரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கருவும் இப்படித்தான் என்றார் வாடிங்டன். வெயில் சற்றுக் கூடினாலும், மரபணுவில் சின்னச் சின்ன வேறுபாடு இருந்தாலும், ஈக்கு இரண்டு இறக்கையும் இரண்டு குமிழும்தான் வரும். இந்தப் படத்தில் அல்ட்ராபைதொராக்ஸ், பாதை பிரியும் இடத்தில் இருக்கும் மதகு.

சரி, மழை கொட்டித் தீர்த்தால்? கரை உடையும். எல்லா இடத்திலும் இல்லை, எங்கே பலவீனமோ அங்கே. வாடிங்டனின் முக்கியமான சோதனை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

நெருப்புக்கோழியின் முழங்கால்

அவரை உறுத்திய புதிர் ஒன்று உண்டு. நெருப்புக்கோழி உட்காரும்போது தரையில் உரசும் இடங்களில் தோல் தடித்துக் காய்ப்பு காய்த்திருக்கும். நம் கையில் மண்வெட்டி பிடித்தால் வருமே, அது மாதிரி. ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தடிப்பு முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கே தோன்றிவிடுகிறது. அது இன்னும் தரையையே தொடவில்லை!

அப்பா உரசி உரசிக் காய்த்தது பிள்ளைக்கு இறங்கியது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பிரெஞ்சு அறிஞர் லமார்க் பெயரில் வழங்கும் கருத்து அதுதான். ஆனால் உடம்பில் ஏற்படும் தழும்போ காய்ப்போ விந்திலும் முட்டையிலும் இருக்கும் மரபணுவை மாற்றி எழுத வழி தெரியவில்லை. தற்செயலாக வந்த மரபணு மாற்றம் சரியாக அதே இடத்தில் காய்ப்பைக் கொடுத்தது என்றால், அதுவும் அவருக்குப் பொருத்தமாகப் படவில்லை.

1947இல் அவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கு மரபியல் பேராசிரியரானார். தொடக்கத்தில் ஆய்வாளர்கள் குடும்பத்தோடு ஒரே பெரிய வீட்டில் கூட்டாகக் குடியிருந்தார்கள். அங்கேதான் பதில் தேடி ஈ முட்டைகளைக் கையில் எடுத்தார்.

25 நிமிட ஈதர்

முதலில் வெப்பம். கூட்டுப்புழுப் பருவத்தில் இருந்த ஈக்களை 40 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைத்தார். சில ஈக்களின் இறக்கையில் ஒரு குறுக்கு நரம்பு அறுந்து போயிருந்தது. அப்படி ஆனவற்றை மட்டும் பொறுக்கி ஜோடி சேர்த்தார். அடுத்த தலைமுறைக்கும் அதே சூடு, அதே பொறுக்கல். இன்னொரு வரிசையில் நேர் எதிராக, சூடு கொடுத்தும் நரம்பு அறாத ஈக்களை மட்டும் பொறுக்கினார். முதல் வரிசையில் பாதிப்பு ஏறிக்கொண்டே போனது, இரண்டாவதில் இறங்கியது. சுமார் 14 தலைமுறை கழித்து, முதல் வரிசையில் சூடே காட்டாத ஈக்களில் சிலவும் அறுந்த நரம்போடு பிறந்தன. இதை 1953இல் வெளியிட்டார்.

அடுத்தது பைதொராக்ஸ். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தாகப் பயன்பட்ட ஈதரின் ஆவியை, சரியான நேரத்தில் ஈ முட்டைக்குக் காட்டினால் பைதொராக்ஸ் போன்ற உருவம் வரும் என்று ஹான்ஸ் குளோர் 1940களிலேயே காட்டியிருந்தார். முட்டையிட்டு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆன கரு, எந்தக் கணு எதுவாக வேண்டும் என்று முடிவாகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வாடிங்டன் 25 நிமிடம் ஈதர் கொடுத்தார். மதகு தடுமாறியது. சில ஈக்களில் ஹால்டியர் இருக்க வேண்டிய இடம் இறக்கை போல விரிந்தது.

மறுபடியும் அதே பொறுக்கல், அதே ஜோடி. சுமார் 20 தலைமுறை. பிறகு, ஈதர் வாசனையே படாத முட்டையிலிருந்தும் பைதொராக்ஸ் ஈ வெளியே வந்தது.

1956இல் வெளியான இந்த முடிவைப் படித்தவர்களுக்கு முதலில் தோன்றியது, லமார்க் ஜெயித்துவிட்டார் என்பதுதான். பட்டது பதிந்துவிட்டதே!

பதியவில்லை, பொறுக்கப்பட்டது

இல்லைங்க. அவர் என்ன செய்தார் என்று இன்னொரு முறை பாருங்கள். ஈதர் பட்ட எல்லா ஈயும் மாறவில்லை. மாறியவற்றை அவர் பொறுக்கினார். பொறுக்காமல் விட்டிருந்தால்?

இதைச் சோதிக்கவும் வழி இருந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே பல தலைமுறை ஜோடி சேர்த்து, எல்லா ஈயும் கிட்டத்தட்ட ஒரே மரபணுவோடு இருக்கும்படி செய்த கூட்டம் உண்டு. அவற்றில் எத்தனை தலைமுறை பொறுக்கினாலும் பண்பு நிலைக்கவில்லை. அதிர்ச்சி புதிதாக எதையாவது எழுதியிருந்தால் இந்த ஈக்களிலும் எழுதியிருக்கணும்.

அப்படின்னா நடந்தது இதுதான். சாதாரண ஈக் கூட்டத்தில் ஒவ்வொன்றின் கரையும் ஒவ்வொரு அளவு பலம். அமைதியான நாளில் அந்த வேறுபாடு வெளியே தெரியாது, எல்லா ஈயும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஈதர் என்ற வெள்ளம் வந்தபோது பலவீனமான கரைகள் உடைந்து, யார் யார் என்று காட்டிக்கொடுத்தன. வாடிங்டன் அவற்றையே திரும்பத் திரும்பச் சேர்த்தார். தனித்தனி ஈயில் சிதறிக் கிடந்த பலவீனங்கள் ஒரே ஈயில் கூடின. ஒரு கட்டத்தில் கரை அவ்வளவு தாழ்ந்துவிட்டது, வெள்ளமே தேவைப்படவில்லை. இதற்கு அவர் வைத்த பெயர் ‘மரபணு உள்வாங்கல்’.

நேரமும் அவருக்குச் சரியாக அமையவில்லை. சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்பவர், வளர்க்கும் விதத்தால் பயிரின் பரம்பரையையே மாற்றலாம் என்று சொல்லி, 1948இல் அரசு ஆதரவோடு மரபியலையே ஒடுக்கியிருந்தார். அந்தச் சூட்டில் ‘பெற்ற பண்பு’ என்று யார் பேசினாலும் மேற்கில் சந்தேகம்தான். இன்னொரு பக்கம், இது வெறும் தேர்வு, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள். இரண்டாவது விமர்சனம் பாதி சரி. ஆனால் சூழல் என்பது யார் பிழைப்பார், யார் சாவார் என்று தீர்மானிப்பது மட்டுமில்லை, மறைந்து கிடக்கும் எந்த வேறுபாடு வெளியே தெரிய வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. இதை ஆய்வகத்தில் காட்டியவர் வாடிங்டன். இயற்கையில் இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

அவர் தந்த சொல்லும் வேறு திசைக்குப் போய்விட்டது. இன்று எபிஜெனெடிக்ஸ் என்றால் பெரும்பாலும் டிஎன்ஏவின் எழுத்தை மாற்றாமல் அதன் மேல் ஒட்டும் வேதிக் குறிகளைப் பற்றிய படிப்பு. அது தனித் துறை, உண்மையான துறை. அதில் சில தாவரங்களிலும் விலங்குகளிலும் குறிகள் தலைமுறை தாண்டுவது உண்டு. ஆனால் தாத்தா பட்ட அவமானமோ பட்டினியோ பேரனின் குணமாகப் பதிந்திருக்கிறது என்று சொல்ல வாடிங்டனின் ஈயைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. அந்த ஈக்களுக்கு எதுவும் பதியவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் உட்கார்ந்து பொறுக்கினார்.

அவர் போன பிறகு

வாடிங்டன் 1975 செப்டம்பர் 26 அன்று எடின்பரோவில் இறந்தார். மகள்களில் ஒருவர் டூசா மக்டஃப், புகழ்பெற்ற கணிதவியலாளர். இன்னொருவர் கரோலைன் ஹம்ஃப்ரி, மானுடவியலாளர்.

ஈயின் கதை அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. பல பத்தாண்டுகளாக பைதொராக்ஸ் ஈக்களோடு கால்டெக்கில் மல்லுக்கட்டிய எட்வர்ட் லூயிஸ், மரபணு மாற்றங்களை ஒரே ஈயில் சேர்த்து, நான்கு முழு இறக்கையோடு ஓர் ஈயையே உருவாக்கினார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1978இல் வந்தது. 1980களில் இந்த வகை மரபணுக்களின் எழுத்துவரிசையைப் படித்தபோது, கிட்டத்தட்ட அதே வரி எலியிலும் மனிதனிலும் இருப்பது தெரிந்தது. நம் முதுகெலும்பில் எந்தக் கணுவில் விலா எலும்பு வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் இதே குடும்பத்து மரபணுக்கள்தான். 1995இல் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகியோரோடு லூயிஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1996இல் கிரெக் கிப்சன், டேவிட் ஹாக்னஸ் இருவரும் வாடிங்டனின் ஈதர் குப்பியை மறுபடி திறந்தார்கள். ஈக்களுக்கு ஈதர் கொடுத்து, எளிதில் மாறுபவை ஒரு வரிசை, மாறாதவை ஒரு வரிசை என்று பொறுக்கிப் பிரித்தார்கள். இந்த முறை டிஎன்ஏவைப் படிக்கும் கருவிகள் கையில் இருந்தன. இரண்டு வரிசைக்கும் நடுவில் வேறுபாடு தெரிந்த இடங்களில் ஒன்று, அல்ட்ராபைதொராக்ஸ் மரபணுவேதான். அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே இருந்த சில வடிவங்கள், சாதாரண நாளில் எந்தக் குறையும் காட்டாதவை, ஈதர் பட்டதும் மூன்றாவது கணுவில் அந்த மரபணுவின் உத்தரவைத் தக்கவைக்க முடியாமல் விட்டுவிட்டன. வாடிங்டன் கண்ணால் பார்த்துப் பொறுக்கிய பலவீனமான கரைகளில் ஒன்று எங்கே இருந்தது என்று 40 வருடம் கழித்துத் தெரிந்தது. அவர் இறந்து அப்போது 20 வருடம் ஆகியிருந்தது.